அவசரம் பார்க்கும் பகுதி

நிலா, தென்முனை அஞ்சல் நிலையம்
பதிவு: செண்பகவல்லி, சர்வர் பொறுப்பு

பொங்கல் நாள், 08:00
சர்வர் நலம். சுரங்கத்து நானூறு பேருக்கும் ஊரிலிருந்து வாழ்த்துகள் வரத் தொடங்கிவிட்டன. இந்த நிலையத்தில் என்னோடு இருக்கும் ஒரே ஆள் சவரிமுத்து அண்ணன். ஆன்டெனாவைச் சரிசெய்ய வண்டியில் மேட்டுக்கு அப்பால் போயிருக்கிறார். அங்கே குரல் எட்டாது, அஞ்சல் மட்டும்தான்.

நேற்று ஒரு மாற்றம் செய்தேன். வரும் அஞ்சல் அவசரமா என்று பார்க்கும் பகுதியைச் சர்வருக்குள்ளிருந்து கழற்றி, தேவைப்படும்போது மட்டும் நினைவகத்தில் ஏறும்படி தனியே வைத்தேன். ஏற இடமில்லாவிட்டால் அஞ்சலை நிறுத்தாமல் 'சாதாரணம்' என்று வரிசையில் விட்டுவிடும். நினைவகம் நிறைய மிச்சம். அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. "அத உள்ளயே இருக்க விடு தாயி. வேணுங்கிறப்ப ஏத்திக்கிடலாம்னா, வேணுங்கிறப்ப எடம் இருக்கணும்லா" என்றார். கண் இமைக்கும் நேரம்கூடத் தாமதமில்லை என்று சோதனை முடிவைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

14:10
ஆளாளுக்குப் பொங்கல் பானைப் படம் அனுப்புகிறார்கள். எல்லாம் ஒரே பானை. படங்களைச் சோதிக்கும் பகுதிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. வரிசை நீளம், ஆனாலும் சர்வர் திணறவில்லை. வேகம் அபாரம். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை, வேலை மும்முரம் போலும். அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்திருக்கிறேன்.

19:35
இப்போதுதான் என் பெட்டிக்கு வந்தது:

"செண்பகம், வண்டி பள்ளத்துல எறங்கிட்டு. சக்கரம் ஒடஞ்சு போச்சு. காத்து நாலு மணி நேரம் தாங்கும். இன்னொரு வண்டிய எடுத்துட்டு வா."

அவசரக் குறி போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். குறியைப் படிக்கும் பகுதி ஏற இடமில்லை. நினைவகம் முழுக்கப் பானைப் படங்கள். நான் சோதித்தது வெறும் நாளில். பண்டிகைக்கு நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கா தெரியாது? கிளம்புகிறேன்.

மறுநாள், 06:20
கொண்டுவந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். கேட்பதற்கு அவர் இல்லை.

பகுதியைச் சர்வருக்குள்ளேயே திரும்பச் சேர்த்துவிட்டேன். கொஞ்சம் நினைவகம் தின்கிறது. தின்னட்டும். ஒரு மனிதரைக் கொடுத்து நான் மிச்சம் பிடித்தது இவ்வளவுதான்.

07:05
சேர்த்த பகுதி சரியாக வேலை செய்கிறது. வரிசையின் அடியில் கிடந்த ஒன்றை உடனே மேலே கொண்டுவந்து வைத்தது. அனுப்பிய நேரம் 17:30:

"பதில் காணோம். கெளம்புற அவசரத்துல எழுதலேன்னு நெனச்சுக்கிட்டேன். பதறாம ஓட்டிட்டு வா தாயி. நான் பேசாம சாஞ்சு கெடக்கேன்."

இதைப் படிப்பவருக்கு: மேலே உள்ள 14:10 பதிவை அழிக்காதீர்கள். அவருடைய முதல் அஞ்சல் சர்வருக்குள் வந்த நேரம் 14:04.