மாலை போட்ட தபால்தலை

திருப்பத்தூர் தபால் அலுவலகம்,
சந்தைக்கு மறுநாள், முற்பகல்.

அன்பு மருமகள் தமிழரசிக்கு,

ஜவ்வாது மலையின் தபால்தலைச் சக்கரவர்த்தியும், பொட்டளவு காகிதங்களுக்காகக் கல்யாணத்தையே மறந்துபோன மகாத்தியாகியும், உன் ஒரே தாய்மாமனுமாகிய பூபாலன் எழுதிக்கொண்டது. நான் நலம். உங்கம்மா நலம். உங்கப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். பதறாதே. இதைப் படிக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் மாப்பிள்ளையை அனுப்பாதே, நீயே போய்த் திற. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் போனுக்கு அடித்து அடித்து என் கட்டைவிரல் பாதியாகத் தேய்ந்துவிட்டது. ஒரு பெண் வந்து இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள். நானும் தமிழில் திட்டிவிட்டு வைக்கிறேன். அஸ்ஸாமில், உங்கள் சில்சாரில் வெள்ளம், செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன என்று டிவியில் சொல்கிறான். கோபுரம் சாய்ந்தால் போன் பேசாது. அவ்வளவுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. ஆகவே தபால்துறையின் காலில் விழுந்துவிட்டேன். பராக் ஆறு வானம் வரைக்கும் ஏறினாலும் தபால்காரன் முழங்கால் வரைதான் நனைவான் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

நேற்று ஜமுனாமரத்தூரில் சந்தை. நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க இந்தத் திருப்பத்தூருக்குத்தான் வந்திருந்தேன். என் வீடு பூட்டியிருக்கவே, எனக்கு வந்த உறையைத் தபால்காரர் சந்தையில் நின்ற உங்கப்பா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உறையில் விலாசம் மாப்பிள்ளை கையெழுத்து. அனுப்புநர் இடத்திலும் அவர் பெயர்தானாம். மூலையில் தபால்தலை. தபால்தலையில் நீ.

அடி என் தங்கமே, பரிசு பிரமாதம். படமும் பணமும் கொடுத்தால் தபால் ஆபீசில் நம் முகத்தையே தபால்தலையாக அடித்துத் தரும் திட்டம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்? தபால்தலை உலகத்தில் அவருக்குத் தெரிந்த சட்டமெல்லாம் நான் போட்டுக் கொடுத்தவை.

என் தமிழ்நாட்டு ஆல்பத்தை உனக்கு நினைவிருக்கும். சேர சோழ பாண்டியர் சண்டையில்லாமல் ஒன்றாகப் படுத்திருப்பது உலகத்திலேயே என் பீரோவில்தான். நீ வடக்கே போன பிறகு உங்கப்பா தினமும் சாயங்காலம் வந்து அதைப் புரட்டுவார். உன் பேரை எடுக்கமாட்டார், ஆனால் நான் உன்னோடு போனில் பேசும் நேரமாகப் பார்த்து வருவார். வேலூர்க் கோட்டையைக் காட்டுவேன், தலையாட்டுவார். ஆயிரத்து எண்ணூற்று ஆறில் அந்தக் கோட்டைக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்த சிப்பாய்களைக் காட்டுவேன். "இவுங்க இன்னா ஆனாங்க?" என்பார். போய்ச் சேர்ந்துட்டாங்க மாமா என்பேன். வள்ளுவர்? போயிட்டார். வேலு நாச்சியார்? போயிட்டாங்க. கப்பல் ஓட்டின வ.உ.சி.? அவரும்தான். "இது இன்னாடா மச்சான், ஆல்பமா சுடுகாடா?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். நீதிபதி போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, உயிரோடு இருக்கிறவர் முகத்தில் சர்க்கார் முத்திரை குத்தாது மாமா, செத்தால்தான் அந்தச் சிம்மாசனம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஒன்றிரண்டு பேர் உயிரோடு ஏறியிருக்கிறார்கள்தான். அதைச் சொன்னால் தீர்ப்பின் கம்பீரம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. நீ கொடுத்த படம் உன் கல்யாணப் படம். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை வெட்டிவிட்டு உன்னை மட்டும் அச்சடித்திருக்கிறாய். கழுத்தில் மாலை அப்படியே இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குத்தான் உங்கப்பா வரவில்லையே. மாலையும் கழுத்துமாக உன்னை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வெள்ளம் வந்த நாளிலிருந்து அவர் சின்னராஜ் டீக்கடை டிவி முன்னால்தான் குடியிருக்கிறார். கேட்டால் புளி விலை சொல்லுவான் என்று பார்க்கிறாராம். புளி விலை சொல்லும் சானல் எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியவில்லை. கிரிக்கெட் வைக்கப்போன சின்னராஜிடம், "மாத்தாதடா, அந்தத் தண்ணியே இருக்கட்டும்" என்றாராம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் கையில் அந்த உறை போய் விழுந்தால் என்ன நினைப்பார்?

உறையை அவர் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடுதாசியைப் பிரிக்கமாட்டாராம், அந்த நேரத்திலும் அப்படி ஒரு நியாயஸ்தன். உன் முகமும் அனுப்புநர் விலாசமும் இருந்த பாதி ஓரத்தை மட்டும் கிழித்துக்கொண்டு, மீதியை என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். தபால்தலையைக் கையால் கிழிப்பவனை யானைக் காலில் இட வேண்டும் என்பவன் நான். நேற்று எனக்குக் கோபம் வரவில்லை.

அங்கிருந்து நேரே முனியம்மாவின் துணிக்கடை. "மாநெறமா கீற பொண்ணுக்கு எது நல்லாருக்கும்மா?" என்று கேட்டு, அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்திருக்கிறார். முனியம்மா சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனாராம். கத்தரிக்காய்க்கே அரை நாள் பேரம் பேசுகிற உங்கப்பா சிங்காரம்! அவள் சாயங்காலம் என்னைத் தேடி ஓடி வந்து, "கோடி எடுக்கறவங்கதான் அண்ணா பேரம் பேசமாட்டாங்க. ஆருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. செத்துப்போன மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கடைசியாகப் போர்த்தும் சேலையை எடுத்துக்கொண்டு உங்கப்பா கிளம்பிவிட்டார், தமிழு.

போனை வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவிடம் போளூருக்குப் புளி போடப் போவதாகச் சொன்னாராம், புளி மூட்டை வாசலிலேயே கிடக்கிறது. இன்று முதல் பேருந்தில் நான் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர் அவரைப் பார்த்திருக்கிறார். அந்தக் காகிதத் துண்டை நீட்டி, "இந்தப் பொண்ணு ஊருக்கு எந்த வண்டிங்க?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். அங்கிருந்து இங்கே வந்து, பசை ஒட்டிய மேசையில், சங்கிலி போட்ட பேனாவால் இதை எழுதுகிறேன். மதியத் தபால் கட்டோடு சேர்த்துவிட வேண்டும். இது முந்துமா அவர் முந்துவாரா தெரியாது.

கதவைத் திறக்கும்போது வெளிச்சத்தில் நில். "அப்பா" என்று கூப்பிடு, அவர் உடனே நம்பமாட்டார், இன்னொரு தடவை கூப்பிடு. திட்டினால் திட்டட்டும், எத்தனை வருஷத்துப் பாக்கி. அந்தச் சேலையை அவர் மறைக்கப் பார்ப்பார். பிடுங்கிக்கொண்டு போய் உடனே கட்டிக்கொண்டு வந்து நில். அது கோடி இல்லை, உன் கல்யாணத்துக்கு அவர் எடுக்காமல் விட்ட சேலை. பேரம் பேசாமல் எடுத்தது, கொஞ்சம் விலை கூடத்தான்.

நேற்று ராத்திரியே உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. "எம் பொண்ணு நல்லாத்தான் கீறா, அந்த ஆளுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றார்கள். நீ உள்ளே வைத்திருந்த தபால்தலைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "நம்ம மலையிலேர்ந்து ஒருத்தராவது தபால்தலையில் வரணும்னு சொன்னீங்களே மாமா, இந்தாங்க" என்று நீ கூடவே ஒரு சீட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பெருமையோடு ஆல்பத்தைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், அதுல எம் பொண்ண வெக்காத" என்றார்கள். மூடிவிட்டேன்.

அந்தச் சீட்டில் நீ தேதி போட்டிருக்கிறாய். வெள்ளத்துக்கு முந்தின வாரம். அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

மதியக் கட்டு கட்டுகிறார்கள், முடிக்கிறேன். இதோடு ஒரு வெற்று உறை வைத்திருக்கிறேன். மூலையில் உன் முகத்தை நானே ஒட்டிவிட்டேன். விலாசம் எழுதவில்லை. உங்கப்பா எழுதட்டும், அவருடைய கோழிக் கிறுக்கலை நான் இருட்டிலும் கண்டுபிடிப்பேன். அனுப்புநர் என்கிற இடத்தில் நீ எழுது, உன் கையால். உள்ளே ஒரு வரியும் வேண்டாம். தபால் ஆபீசில் உன் முகத்தின் மேல் புதுத் தேதி விழுந்து வந்தால் போதும், நான் படித்துக்கொள்வேன்.

நீடூழி வாழ்க, மகளே. என் ஆல்பத்தில் உனக்கு இடம் கிடையாது.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் மாமன்,
பூபாலன்.