பாதி டேங்க்கில் பொங்கிய பெட்ரோல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா, சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி அம்மாவிடம் கொடுக்கிறேன், அதோடு என் பேச்சு முடிந்துவிடும். இதைச் சொல்வதற்குப் போனை இரண்டு தடவை கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் உன் குரலைக் கேட்டதும் மழையா என்றுதான் கேட்டேன். அங்கே இப்போது மழைக்காலமே இல்லை என்று நீயும் இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னாய்.

மாமா ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கியிருக்கிறார். அதைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு தான் ஓட்டுகிற படகு முழுக்கத் தேடுகிறார், அக்கரைக்குப் போகிற ஜனங்களும் சேர்ந்து தேடுகிறார்கள், யாரும் சொல்வதில்லை, அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. துறைக்குப் போகும் வழியில் இருக்கும் தையற்காரர் பார்க்கும்போதெல்லாம் உன்னை விசாரிக்கிறார். நம் வீட்டுப் பின்பக்கக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஊரான் படகு எஞ்சினையெல்லாம் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு வீட்டுக் குழாயைத் திருகத் தெரியாதா என்று அம்மா போன வாரம்வரை தினமும் கேட்டாள். இதையெல்லாம் எழுதுவது சுற்றி வளைக்கத்தான், உனக்கே புரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

படகுக்காரர் சங்கத்து அறையில் வியாழக்கிழமை மதியம் நான் வகுப்பு எடுக்கிறேன் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். என்ன வகுப்பு என்று நீயும் கேட்கவில்லை, அவளும் சொல்லியிருக்க மாட்டாள். படகு டேங்க்கிலிருந்து பெட்ரோலை எப்படி இழுப்பது, எப்படித் திரும்ப ஊற்றுவது, எங்கே பத்திரமாக வைப்பது, இதுதான் பாடம். துறையில் எல்லோருக்கும் இப்போது நான் வாத்தியார். டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சாதே, ஒரு மடக்கு நெஞ்சுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான், கையால் அமுக்குகிற ரப்பர் பந்து வைத்த டியூப் வாங்கு என்பேன். கேனைப் படகுக்குள் வைத்து நிரப்பாதே, கரையில் வெறும் தரையில் இறக்கி வைத்து நிரப்பு என்பேன். வாய்வரை ரொப்பாதே, வெயில் ஏறினால் பெட்ரோல் பெருகும், அதற்கு இடம் விடு என்பேன். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதே, மூடியை இறுக்கி, நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், அடுப்புக்கும் ஸ்விட்சுக்கும் தூரமாக வை என்பேன். சிந்திவிட்டால் துடைத்ததோடு ஆயிற்று என்று நினைக்காதே, அதன் ஆவி கீழே இறங்கிப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், பலகையைத் திறந்து போட்டு, வாசனை சுத்தமாகப் போகிறவரை ஒரு ஸ்விட்சையும் தொடாதே என்பேன். எல்லாம் வாய் கிழியச் சொல்வேன். கடைசியில் ஒரு கதையும் சொல்வேன். அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்தக் கதை நீதான். என் மகளே அவசரத்தில் டேங்க்கை வாய்வரை ரொப்பினாள், பொங்கி வழிந்தது, படகில் தீப்பிடித்தது, பெற்ற தாயின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்தது, அதனால் பார்த்து ஊற்றுங்கள் என்று நாலு வருஷமாக வியாழன்தோறும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த இடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். வாத்தியாருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் தபால் படகு ஓட்டுகிற ஒரு பெண்மணி வகுப்பில் எழுந்து நின்றார். இரண்டு மாதத்துக்கு முன்பு புதிதாக வந்தவர், அதிகம் பேச மாட்டார், சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நீங்கள் சொன்னபடியே கேனை உயரத்தில் வைத்து, டியூப் போட்டு, மெதுவாகத்தான் விட்டேன், பாதி டேங்க்கூட நிரம்பவில்லை, அதற்குள் குடுகுடு என்று எதுக்களித்து மேலெல்லாம் கொட்டிவிட்டது, ரொப்பினால்தானே பொங்கும் என்றீர்கள், நான் ரொப்பவே இல்லையே, ஏன் பொங்கியது என்று கேட்டார். அதே வார்த்தையை, பாதிகூட நிரம்பவில்லை அப்பா, திரும்பி வந்தது அப்பா என்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உன்னை வாயை மூடு என்றேன்.

வந்து பார்க்கிறேன் என்று அவரோடு துறைக்குப் போனேன். பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். டேங்க்குக்குள் இருக்கும் காற்று வெளியே போக ஒரு சின்னக் குழாய் படகின் வெளிப்பக்கத்தில் திறந்திருக்குமே, அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தார். மழைத்தண்ணீர் டேங்க்குக்குள் போய்விடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் செய்தது. காற்று போக வழியில்லாவிட்டால் உள்ளே விட்ட பெட்ரோல் வந்த வழியே திரும்பத்தான் செய்யும். அந்தக் குழாயை அடைக்காதே என்று நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. மறந்துபோய் அல்ல. அந்தக் குழாயின் பெயரை எடுக்கவே எனக்குத் தைரியம் இல்லை. என் நாக்கு அந்த ஒன்றைத் தாண்டித் தாண்டிப் போனதால் இன்னொரு வீட்டுப் பெண் பெட்ரோலில் நனைந்து நின்றிருக்கிறார், நல்லவேளை பக்கத்தில் ஒரு பொறி இல்லை. உறையை அறுத்துப் போட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு, அப்படியானால் உங்கள் மகள் படகிலும் இது அடைத்திருந்ததா என்று கேட்டார். நான் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டேன்.

இனிப் பூசி மெழுகப் போவதில்லை. தீப்பிடித்ததற்கு முதல் நாள் நம் படகு எஞ்சின் விக்கி விக்கி ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கும், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. அன்று சாயங்காலம் நம் வழக்கப்படி மிச்சப் பெட்ரோலை டியூப் போட்டுக் கேனில் இழுத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு, மழை வரும் போல இருக்கிறதே, அலை வேறு பக்கவாட்டில் அடிக்கிறதே என்று ஒரு துணியைப் பந்தாகச் சுருட்டி அந்தக் காற்றுக்குழாய்க்குள் நான்தான் திணித்தேன். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ரேடியோ கடைக்காரர் வீட்டுப் படகு எஞ்சினைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நீ வந்து, அடியில் தேங்கிய தண்ணீரைப் பிரித்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, கேனிலிருந்து டேங்க்குக்கு விட்டிருக்கிறாய். நம் டேங்க்கின் வாய் ஒடுக்கம், டியூப்பை விட்டால் சுற்றிலும் விரல் நுழையாது, எதுக்களிக்காமல் என்ன செய்யும். குழாய் வாய் வெளிப்பக்கம், அதுவும் துணி உள்ளே தள்ளியிருந்தது, உன் கண்ணில் எப்படிப் படும். நீ துடைத்துவிட்டு, நனைந்த துணியைக் கரையில் போடப் போன அந்த ஒரு நிமிஷத்தில் அம்மா வந்து மழைத்தண்ணீரை வெளியேற்றலாம் என்று பம்ப் ஸ்விட்சைப் போட்டாள். அவளுக்குச் சிந்தியதே தெரியாது, அந்த ஸ்விட்சுப் பொறியில்தான் பிடித்தது. தீயை ஈரச் சாக்கால் அமுக்கியதும் நீதான், அம்மாவைக் கரைக்கு இழுத்ததும் நீதான். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வராந்தாவில் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் துணி ஞாபகம் வந்துவிட்டது. வந்த பிறகும் திட்டினேன். அதற்குப் பிறகுதான் சத்தமாகத் திட்டினேன். அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் துறைக்குப் போனேன், தீயணைப்பு அதிகாரி வருவதற்குள் கம்பியை விட்டு அந்தத் துணிப்பந்தைக் கொக்கி போட்டு இழுத்தேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், பாலத்தில் நின்று தண்ணீரில் போட்டேன். அதிகாரி அளவு மீறி ஊற்றியதுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார். நானும் ஆமாம் என்றேன். முப்பது வருஷத்துத் தொழில்காரன் டேங்க்குக்குத் துணி அடைத்தான் என்று துறையில் சிரிப்பார்களே என்று பயந்தேன் மகளே, அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்ல மாட்டேனா. நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து உன்னை விற்றுவிட்டேன். கப்பல் எஞ்சின் படிப்புக்கு வந்த இடத்தை நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தபோதும் பார்த்துக்கொண்டு இருந்தேன். எஞ்சின் சத்தத்தைத் தூரத்தில் கேட்டே கோளாறு சொல்கிற பெண், துணிக்கடையில் பில் போடுகிறேன் என்று கண்காணாத தேசத்துக்குப் போனபோதும் வழியனுப்ப வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அங்கே நீ தீப்பெட்டியைக்கூடத் தொடுவதில்லை, மின்சார அடுப்புதான் வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னபோது நல்லதுதானே என்றேன்.

தபால் படகுக்காரரிடமிருந்து திரும்பி வந்த அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மடித்து முடித்து, அடுக்கி வைத்து, அதற்குப் பிறகு சொன்னாள்: "என் கை வெந்தது ஆறிப் போச்சு. அவ நாலு வருஷமா என் கையைப் பாக்காம பேசறா. போன்ல நான் கையைத் தூக்கினா தலையைத் திருப்பிக்கறா. அதுக்காகவே நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களுக்குத் தெரியும்தானே?" தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுகிற நேரமானால் அவள் அந்தச் சட்டையைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீயே சொல்லிவிடேன் என்று அவளைக் கெஞ்சினேன். முடியாது, உங்கள் கையால் எழுதுங்கள் என்றாள். அன்றிலிருந்து தட்டில் சோறு வைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் அதையும் உன் தலையில் ஒரு வேலையாகக் கட்டுவது போல ஆகும், அதனால் எழுதவில்லை. வருகிற வியாழக்கிழமை சங்கத்து அறையில் காற்றுக்குழாயில் இருந்துதான் தொடங்கப் போகிறேன், அதை அடைத்தது யார், துணியை எடுத்து மறைத்தது யார் என்று சொல்லித்தான் முடிக்கப் போகிறேன். தீயணைப்பு அதிகாரியின் ஆபீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார், அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. மாமாவிடமும் சொல்லியாயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், அந்தப் பெண்ணை நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேனே அத்தான் என்று மட்டும் சொன்னார். தையற்காரரிடம் நாளைக்குப் போகிறேன். உன்னைப் பற்றி நான் எத்தனை வாயில் போட்டேனோ அத்தனை வாயிலும் திரும்ப எடுக்க வேண்டும், ஒவ்வொருவராகப் போவேன்.

அந்தப் படிப்புக்கு நீ திரும்ப எழுத வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, துணிக்கடையே உனக்குப் பிடித்திருந்தால் அதிலேயே நன்றாக இரு. ஆனால் எதை வேண்டாம் என்று விட்டாலும் உனக்கு வேலை தெரியாது என்று நினைத்து விடாதே. அன்று அந்தப் படகில் வேலை தெரியாதவன் ஒருவன்தான், அவன் அப்போது அங்கே இல்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம், கோபம் தீர்கிறவரை என் பெயரையே எடுக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, வெறும் காலோடு குளிர்ந்த தரையில் நடக்காதே, நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நூறு வயது நிறைவாக வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் செல்லுமோ செல்லாதோ, அம்மாவுடையது செல்லும், இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அரைக்கைச் சட்டையில் உட்காருவாள். தலையைத் திருப்பிக்கொள்ளாமல் அவள் கையைப் பார்த்துப் பேசு.

இப்படிக்கு,
அந்தக் கையைச் சுட்டவன்,
உன் அப்பா