கல்லோடு பேசினவன்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் உன் அதிகாரமும் எப்படி இருக்கின்றன?

நான் துடைக்கும் மியூசியத்தில் ரோமாபுரிச் சிப்பாய் ஒருவனின் கல்லறைக் கல் இருக்கிறது. குப்பையில் கிடைத்த லத்தீன் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். ஐந்தாவது தாண்டாத உன் புருஷன்தான், சிரிக்காதே! "வழிப்போக்கனே, நின்று படித்துவிட்டுப் போ" என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் வாய்விட்டுத்தான் படிப்பார்களாம். நானும் தினமும் காலையில் அப்படியே படித்தேன். ஊரைவிட்டு வந்து இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தானாம், பாவம். எனக்குப் பதினொன்றுதான்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார், நம் மொழிக்காரர். "என்னண்ணே, கல்லுகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று பயந்துபோய் டாக்டரிடம் அனுப்பினார். புத்தி பேதலித்திருந்தால் ஊருக்கே அனுப்பிவிடுவார்களாம்.

பயப்படாதே. "வேலைக்குத் தகுதியானவர்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை வாங்கும்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

உன் முழங்காலுக்கு வாங்கும் தைலத்தில் எனக்கும் ஒரு புட்டி அனுப்பு. கடிதத்தை நீளமாக எழுது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் தகுதியான புருஷன்