மூன்றாவது சாவி

இன்று காலை பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். துருவும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை விரலில் ஒட்டியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, டீச்சர். நீங்கள் எந்தப் பள்ளியிலும் டீச்சர் இல்லை. வீடில்லாதவர்களைத் தேடி வரும் சங்கத்துக்காரி. ஆனாலும் வண்ணார்பேட்டையில் கடை வாசல்களில் படுத்துக் கிடந்த நாங்கள் உங்களை அப்படித்தான் கூப்பிட்டோம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. களக்காட்டில் புருஷன் செத்த பதினாறாம் நாள் கொழுந்தன் என்னை வெளியே தள்ளினான். மிஞ்சியது ஒரு மூட்டை. அதில் காய்ச்சலில் போன என் மகளின் பாவாடை இருந்தது. உங்கள் சங்கம் நடத்தும் விடுதியில் பேனுக்குப் பயந்து மூட்டைகளை வாசலிலேயே எரித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு தினமும் வாரிய? என்னைய போட்டோ பிடிச்சு எங்கன அனுப்பப் போறிய?" என்று ஒருநாள் கத்தினேன்.

"போட்டோ வேண்டாம்க்கா. கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாங்க."

வலி தாங்காமல் போனேன். அங்கே சீட்டு எழுதுகிறவர் விலாசம் கேட்டு விரட்டினார். நீங்கள் நகரவில்லை. "விலாசம் இல்லாட்டா புண்ணு வலிக்காதா?" என்று கேட்டு, மருந்து கட்டிய பிறகுதான் கிளம்பினீர்கள். எனக்கோ சந்தேகம் கூடியது. இவ்வளவு சண்டை போடுகிறவளுக்கு இதில் என்ன ஆதாயம்?

மூட்டையை எரிப்பது உண்மைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். சங்கக் கூட்டத்தில் பேசி நிறுத்தப் பார்க்கிறேன் என்றீர்கள். நான் நம்பவில்லை. ஒரு மாதம் கழித்துத் தகரப் பெட்டியோடு வந்து, இனி எரிக்க மாட்டார்கள், மூட்டையை இதில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, பூட்டையும் இரண்டு சாவிகளையும் என் கையில் வைத்தீர்கள்.

"மூணாவது சாவிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லக்கா. கடையில ரெண்டுதான் தந்தாவ. சந்தேகமா இருந்தா வேற பூட்டு போட்டுக்கிடுங்க."

சத்தியம் செய்திருந்தால் வந்திருக்க மாட்டேன். சத்தியம் செய்தவர்களை நிறையப் பார்த்தவள் நான்.

விடுதிக்கு வந்த பிறகும் பெட்டி மூடியின் இடுக்கில் என் தலைமுடி ஒன்றைத் தினமும் செருகி வைப்பேன். யாராவது திறந்தால் விழுந்துவிடும். ஒருநாளும் விழவில்லை. ஓர் ஐப்பசி மழையில், சாலையோரம் கிடந்த கிழவருக்காக நீங்கள் நனைந்து ஓடியதைப் பார்த்த அன்று, முடி செருக மறந்துபோனேன். மறுநாள் ஞாபகம் வந்தும் செருகவில்லை.

இப்போது விடுதி வாசலில் பெட்டி கொடுப்பவள் நான்தான். மூட்டையை இறுக்கிக்கொண்டு முறைக்கிறவர்களை எனக்கு உடனே பிடித்துப்போகிறது.

முடி செருகுவதை நிறுத்தியதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. போன ஆவணியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். இரண்டு சாவிகளும் இன்னும் என் இடுப்பில்தான் இருக்கின்றன, டீச்சர். ஒன்று அந்த மழை நாளிலேயே உங்களுக்கென்று பிரித்து வைத்தது.