நாய்க்கு ஒரு சொல், மனுசருக்கு ஒரு சொல்

இஞ்சாருங்கோ,

“கொரிய பாசை படிச்சு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்டிருந்தீர்கள். பிளாக்ஹவுஸ் பேயில் நான் நாய்களைக் குளிப்பாட்டி மயிர் வெட்டும் கடையின் முதலாளியம்மா மிஸஸ் யூன் ஒரு கொரியாக்காரி. வேலையோடு வேலையாகச் சொல்லித்தருகிறார். நாயின் மயிருக்கு ‘தொல்’. மனுசரின் தலைமயிருக்கு ‘மொரிகாராக்’. மாற்றிச் சொன்னால் மரியாதை இல்லையாம்.

நேற்றுக் கடையைக் கூட்டும்போது, என் ஏப்ரனில் ஒட்டியிருந்த நீளமான கறுத்த மயிர்க்கற்றையை எடுத்து, “இதுக்கு என்ன பெயர்?” என்றார்.

“தொல்,” என்றேன்.

நேற்று வந்தவை எல்லாம் வெள்ளைக் குட்டி நாய்கள். அவர் என் கம்பளித் தொப்பியைப் பார்த்தார். பிறகு “மொரிகாராக்,” என்று மெதுவாகச் சொல்லி, அதைக் குப்பையில் போடாமல் என் கைக்குள் வைத்து மூடினார்.

இனி வீடியோவில் வரச்சொல்லிக் கேட்காதீர்கள். போன் கமெரா சரியில்லை. விசாக்காரர் என்னுடைய சுகம் விசாரித்தால், வேலைக்குப் போய்வருகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றி அவர்கள் கேட்கமாட்டார்கள்.

“அவளின்ர பின்னல் இப்ப எங்க மட்டும் வந்திட்டுது?” என்று மாமி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் விசாவுக்காக அதை மடு மாதாவுக்கு நேர்ந்து வெட்டிவிட்டேன் என்று சொல்லுங்கள். சந்தோசப்படுவார்.

பிளேன் ஏறும்வரைக்கும் நீங்களும் அதையே நம்புங்கள்.

உங்கட மனிசி