வீட்டுக்காரர் சம்மதம்

மார்ச் 4, செவ்வாய்

கோழிக்குஞ்சுகளைப் பண்ணையில் இறக்கிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால் வாசல் சுவரில் புது மீட்டர். பழைய கறுப்பு மீட்டர் இருந்த இடத்தில் வெள்ளையாக, பளபளவென்று, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு. ஸ்மார்ட் மீட்டராம். யாரைக் கேட்டு மாட்டினார்கள்?

இவரைக் கேட்டு மாட்டியிருக்கிறார்கள்.

"ரெண்டு பேர் வந்தாங்க. வீட்டுக்காரர் யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

"அவங்க கேட்டது வீடு யார் பேர்ல இருக்குன்னுங்க!"

"நான் உன் வீட்டுக்காரன்தானே? அதைத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். போனை நீட்டி, விரலால கையெழுத்து போடுங்கன்னாங்க. சரிங்கன்னு போட்டேன்."

சரிங்க! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் அறுபது வயதைத் தாண்டிவிட்டார். தெருவில் இவருக்குப் பெயரே 'சரிங்க சார்'. போன மாதம் ஒருத்தன் தண்ணீர் வடிகட்டி விற்க வந்தான். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் சரிங்க என்று வாங்கி வைத்தார்.

இந்த மீட்டர் வேண்டாம் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். எதிர்வீட்டு டீச்சர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். அனுமதித்த அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதுவே வீட்டை அணைத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அதுவே போடும். திரும்பத் திரும்ப இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆபீசில் யாராவது மனது வைத்துத் திறந்துவிட்டால்தான் உண்டு. டீச்சருக்கு டிவி போகும், ஃபேன் போகும். எனக்கு? பின்னறையில் இரண்டு பொரிப்புப் பெட்டிகள் நிறைய முட்டை வைத்திருக்கிறேன். சூடு இறங்கினால் உள்ளே இருப்பது செத்துப்போகும். இது இவருக்குத் தெரியாதா? தினமும் அந்த முட்டைகளைத் திருப்பி வைக்கிறவரே இவர்தான்.

மார்ச் 5

பச்சை விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரியே இருக்கிறது. பிடுங்கி எறியலாம் போல வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

நினைத்தது நடந்தது. காலையில் இவர் குளிக்க கீசரைப் போட்டிருக்கிறார். அது தெரியாமல் நான் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டேன். பட்டென்று எல்லாம் அணைந்தது. பழைய மீட்டர் இருந்தவரை இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின, ஒரு குறையும் இல்லை. பெட்டிகள் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, மூடியைத் திறக்காமல் காவல் நின்றோம். வந்தது. அதுவாகப் போனது, அதுவாக வந்தது. நான் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் எப்போது விளக்கு எரியலாம் என்று ஒரு டப்பா முடிவு செய்கிறது!

"இனிமே குளிக்கப் போறதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கலாம்" என்று இவர் யோசனை சொன்னார். நான் பதில் சொல்லியிருந்தால் தெருவே கேட்டிருக்கும்.

மார்ச் 10, திங்கள்

மின்சார ஆபீசுக்குப் போய்வந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகத்தான் பேசினாள். "இது கட்டாயம் இல்ல மேடம். வீட்டுக்காரர் சம்மதம் இருந்தாத்தான் மாட்டுவோம்."

"சம்மதம் இல்ல. கழட்டுங்க."

"வீட்டுக்காரர் சம்மதிச்சிருக்காரே? இதோ கையெழுத்து இருக்கே."

"அவர் எனக்கு வீட்டுக்காரர். வீட்டுக்கு வீட்டுக்காரர் இல்ல."

கையெழுத்தை மறுபடி பார்த்தாள். "அப்போ வீட்டுக்காரர் யாரு?"

"நான்தான்."

"நீங்க வீட்டுக்காரி, மேடம். நான் வீட்டுக்காரரைக் கேக்கறேன்."

சொந்தக்காரி என்று சொல்லிப் பார்த்தேன். "யாருக்குச் சொந்தம்?" என்றாள். ஏதோ உறவுக்காரி என்று நினைத்துவிட்டாள். கடைசியில் ஓனர், ஓனர் என்று கத்தினேன். "ஓனர் வேற ஆளா? அப்போ நீங்க வாடகைக்கு இருக்கீங்களா?" என்கிறாள்! இத்தனைக்கும் அவளும் ஒரு பெண். ஆண் என்றால் ஒரே வார்த்தையில் புருஷனும் ஆகிறான், வீட்டுக்குச் சொந்தக்காரனும் ஆகிறான். எனக்கு வீட்டுக்காரி என்றால் பெண்டாட்டி மட்டும்தான். ஆஸ்பத்திரி லேபில் காலம் பூராவும் நின்று, ஊரார் கையில் நரம்பைத் தேடித் தேடி ரத்தம் எடுத்துக் கட்டிய வீடு இது. அதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் கவுண்டரில் மலங்க மலங்க விழிக்கிறேன்.

பொறியாளர் அறைக்குள் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அனுமதிச்ச லோடை ஏத்திக்கோங்க, பிரச்சினை தீர்ந்துடும்."

"ஏத்திக் குடுங்க."

"டிரான்ஸ்ஃபார்மர்ல இடம் இல்ல. புதுசு வரணும்."

"எப்ப வரும்?"

"வரும்."

பழைய மீட்டரை மாட்டித் தர வேண்டுமென்றால் சம்மதம் கொடுத்தவரே நேரில் வந்து, தான் உரிமையாளர் இல்லை என்று சொல்ல வேண்டுமாம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தரையைப் பார்த்தார். "அங்க போய் நாலு பேர் முன்னாடி நான் வீட்டுக்காரன் இல்லைன்னு சொல்லணுமா?" என்றார்.

"உண்மையைத்தானே சொல்லப் போறீங்க?"

"சரி. ரெண்டு நாள் போகட்டும். நாளன்னிக்கு அண்ணனுக்கு ஆபரேஷன் இருக்குல்ல."

மார்ச் 12

செத்துப்போச்சு. ஒரு பெட்டி பூரா.

காலைல இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தார். கரண்ட் போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. வாசல்ல டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இவரோட அண்ணனை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோறதுக்குள்ள போய்ச் சேரணும். "தானா வந்துடும்"னார். எப்பவும் வருதேன்னு நானும் கிளம்பிட்டேன். இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும் ஆன்லயே இருந்திருக்கு. மோட்டாரைப் போட்டது நான்தான். ரெண்டும் சேர்ந்து திரும்பத் திரும்ப இழுத்து, மீட்டர் பூட்டிக்கிச்சு.

திரும்பி வந்தபோது சாயங்காலம். பெட்டியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காலையில்தான் ஓடுகளில் விரிசல் விட்டிருந்தது, காதை வைத்தால் உள்ளே கீச்சுக் கீச்சென்று கேட்டது. இப்போது பாதி ஓட்டை உடைத்து மூக்கை மட்டும் நீட்டியபடி அப்படியே இருக்கின்றன. இவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். போனது போனதுதான் என்று தெரிந்தும் கடைசி முட்டை வரை பார்த்தார்.

இன்னொரு பெட்டியில் இருப்பது இளம் முட்டை. தாங்கும் என்று நினைக்கிறேன்.

மோட்டாரை அணைத்துவிட்டு, ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டு மீட்டரைத் திறக்க வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

இவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். செத்ததில் இரண்டைப் பையில் போட்டு எடுத்துப் போய்ப் பொறியாளர் மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் அந்த ஆள் நிமிர்ந்தார். அறைக் கதவு திறந்தே இருந்தது, வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், நீங்க வீட்டுக்காரர்தானே?" என்று இவரைக் கேட்டார்.

"ஆமாங்க," என்றார் இவர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க."

"ஆமாவா, இல்லையா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அவரை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க! அந்த வீட்டுல இவருக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. எல்லாம் என் சம்பாத்தியம். இவர் சும்மா இருக்கார், அவ்வளவுதான்!"

கவுண்டர் பெண் வாசலில் நின்றுகொண்டு, "அப்போ சார்தான் வாடகைக்கு இருக்காரா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரிக்கட்டும் என்றுதான் இருந்தது அப்போது.

"அப்படியா சார்?" என்று பொறியாளர் இவரைக் கேட்டார்.

"சரிங்க," என்றார் இவர்.

எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டார். திங்கட்கிழமை கழற்றிவிடுவார்களாம். வழியில் நான் மட்டும் பேசிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

கழற்றிவிட்டார்கள். அதே இரண்டு பேர்தான். பழைய கறுப்பு மீட்டரைத் தேடி எடுத்து வந்து, முறைத்துக்கொண்டே மாட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருத்தன், "இப்பவாவது திருப்தியாம்மா?" என்று கேட்டான். திருப்திதான் என்றேன். கீசர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அணையவில்லை. எதிர்வீட்டு டீச்சர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் வழி சொல்லச் சொன்னாள்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லதுங்க," என்றார்.

ங்கவா? எனக்கா?

மார்ச் 18

"ஃபேன் போடலாங்களா?"

இதுதான் காலையில் எழுந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. முதலில் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் போடுங்க என்று சொல்லும்வரை சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார்.

மார்ச் 20

குளிக்கலாங்களா. பேப்பரை எடுத்துக்கலாங்களா. மத்தியானம் கொஞ்சம் படுத்துக்கலாங்களா.

கல்யாணம் ஆன நாள் முதலாக 'நீ', 'வா', 'போ', கோபம் வந்தால் 'ஏய்'. இப்போது வாங்க, போங்க, நீங்க. பத்து ஆண்டுகள் குடியிருந்தவர் வீட்டு ஓனரிடம் பேசுவாரே, அந்தக் குரல். சத்தம் போட்டால் திருப்பிச் சத்தம் போடுவேன். மரியாதை கொடுத்தால் நான் என்ன செய்வது?

மார்ச் 21

நான் சொன்னதில் என்ன பொய்? வீடு என் பெயரில்தான். கடன் கட்டியதும் நான்தான். இவர் வேலை பார்த்த அச்சகம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் ஏன் குற்றவாளி மாதிரி முழிக்க வேண்டும்? கோபமாக வருகிறது. அந்தப் பெண்மேல், பொறியாளர்மேல், சிரித்தவர்கள்மேல், இவர்மேல். என்மேலும்தான், எழுதிவிடுகிறேன்.

ஆனால் சும்மா இருக்கிறார் என்று சொன்னது பொய். நான் பண்ணைக்கும் சந்தைக்கும் அலைகிற நேரத்தில் முட்டைகளைத் திருப்புவது, தட்டில் தண்ணீர் ஊற்றுவது, சூடு பார்ப்பது எல்லாம் இவர்தான். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அது தெரிந்த வாய்தான் அப்படிப் பேசியது.

மார்ச் 23, ஞாயிறு

இன்று பின்னறை வாசலில் நின்றுகொண்டு, "முட்டையைத் திருப்பலாங்களா?" என்று கேட்டார்.

அய்யோ, போதுங்க என்று கத்தியே விட்டேன். "கோவத்துல சொல்லிட்டேன். தப்புதான். இப்ப என்ன பண்ணணும், அந்த ஆபீஸ் வாசல்ல நின்னு மைக் போட்டுச் சொல்லட்டுமா?"

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க," என்றார். போய் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 28

இளம் முட்டைகள் பொரிந்துவிட்டன. முக்கால்வாசி தேறின. பண்ணைக்காரர் அடுத்த ஈட்டுக்கு முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இவர் குஞ்சுகளைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். என்னைப் பார்த்து இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பண்ணையிலிருந்து வருகிறேன், வாசலிலேயே சத்தம் கேட்கிறது. டர்ர்ரென்று. ஓடிப் போய்ப் பார்த்தால் பின்னறைச் சுவரில் ட்ரில் போட்டுக்கொண்டிருக்கிறார்! போன வருஷம்தான் வெள்ளையடித்த சுவர். புது முட்டை வைத்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதிர்வு பட்டால் உள்ளே கரு கலங்கிவிடாதா? இது ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!

"யாரைக் கேட்டு சுவத்துல ஓட்டை போடறீங்க?" என்று எகிறினேன்.

"யாரைக் கேக்கணும்?" என்றார். ட்ரில்லைக்கூட நிறுத்தவில்லை.

"என்னைக் கேக்கணும்! முட்டை இருக்குன்னு தெரியல?"

"முட்டையைப் பெட்டியோட தூக்கி முன்னறையில வச்சுட்டுத்தான் போடறேன், கண்ணு தெரியல உனக்கு? முட்டைத் தட்டை வைக்க இடமில்லாம தினமும் தரையில குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடுச்சு. நீயா திருப்பற? நீ பண்ணைக்குப் போயிடுவ. என் வீட்டுல எனக்கு ஒரு பலகை அடிக்க உரிமை கிடையாதா?"

நீ. உனக்கு. என் வீடு. வரிசையாக வந்து விழுந்தன. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. ஆனால் கோபமும் உண்மையான கோபம்தான், அதை விடுவானேன்? பெட்டியை நகர்த்தும்போது சூடு இறங்கியிருக்கும், எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்று பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. வடிகட்டி, இஸ்திரிப் பெட்டி, அவர் அண்ணன், என் தங்கை என்று எல்லாரையும் இழுத்து வைத்துச் சண்டை போட்டோம். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்தினாள்.

இப்போது அவர் ஃபேனைச் சத்தமாகச் சுழலவிட்டுத் தூங்குகிறார். பலகை ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. தட்டை வைத்தால் முட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக உருளும். படுக்கப் போகும்போது அதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போ," என்றார்.