குடலுக்குள் குடியிருப்பவை

அண்ணை,

குசினியில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலை எத்தனை தரம் கழுவியும் அந்தத் தோடம்பழ வாசனை போகவில்லை. போன கிழமை அதில்தான் பேதி மருந்தைக் கரைத்துக் குடித்தேன். குடலைக் கழுவி வெறுமையாக்கி, மறுநாள் உள்ளே கமரா விட்டுப் பார்ப்பதற்காக. மூடியைத் திறந்தபோதெல்லாம் உங்கள் அறைதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே வாசனை. முதல் மிடறு குடித்துவிட்டு, "இதுக்குக் கடல்தண்ணியைக் குடிக்கலாம்" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இந்த முறை மூடியைச் சரியாகப் பூட்டாமல் குலுக்கி, மருந்து சட்டையெல்லாம் ஊற்றுண்டது.

குருநகரில் படகு வைத்துத் தொழில் செய்த நீங்கள் எந்தக் காற்றுக்கும் பயந்து நான் கண்டதில்லை. இரத்தம் போவதை மட்டும் மூலம் என்று சொல்லி மாதக்கணக்காக மூடி வைத்தீர்கள். உங்கள் உடுப்பைத் தோய்க்கும்போது மச்சாள் கண்டு கேட்டால், "சூடுதான். ரெண்டு இளநி குடிச்சால் நிண்டிடும்" என்பீர்கள். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள்.

"நான் என்னத்தைத் திண்டு இது வந்தது, டொக்ரர்?" என்று கேட்டீர்கள். அந்த டொக்ரர் அம்மா பொறுமையாகச் சொன்னா.

"ஒண்டாலை மட்டும் வாறேல்லை, ஐயா. வயது, சாப்பாடு, பரம்பரை எண்டு கனக்கச் சேரும். எங்கடை குடலுக்குள்ளை கோடிக்கணக்கிலை பற்றீரியாக் கிருமியள் குடியிருக்குது. முக்கால்வாசி நல்லது செய்யிறதுகள்தான். ஒரு சிலது குடல் சுவரைக் காயப்படுத்திற நஞ்சை விடும். வாயிலை இருக்கிற ஒரு வகை இந்தக் கட்டிகளுக்குள்ளையும் இருக்கிறதைக் கண்டிருக்கினம். அதாலை கட்டி வருகுதோ, கட்டி வந்தாப்பிறகு அது போய்க் குடியேறுதோ எண்டு இன்னும் முழுசாத் தெரியாது."

அவ்வளவிலும் உங்கள் காதில் விழுந்தது வாயில் இருக்கும் அந்த ஒன்றுதான். ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் சாப்பாட்டுக் கோப்பை வேறு, தேத்தண்ணிப் பேணி வேறு. ஞாயிறு பூசை முடிந்து வந்து, விளைமீன் குழம்போடு சோற்றைக் குழைத்து எல்லோர் கையிலும் உருண்டை உருண்டையாக வைப்பீர்களே, அதையும் விட்டீர்கள். மகளைக் கொஞ்சுவதை விட்டீர்கள். அவள் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பினீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை, அப்பாவுக்குத் தன்னில் என்ன கோபம் என்று என்னிடம் வந்து அழுதாள்.

நான் டொக்ரரிடம் போய்க் கேட்டேன். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வியாதி இல்லை, ஒன்றாக இருந்து சாப்பிடலாம் என்றா. வந்து சொன்னேன். நீங்கள் நம்பவில்லை.

"முழுசாத் தெரியாது எண்டு அவவே சொன்னவ. தெரியாத ஒண்டுக்கு என்ரை பிள்ளையைப் பணயம் வைக்கேலுமோ?"

ஒரு மத்தியானம் நீங்கள் பாதியில் தள்ளிவைத்த கோப்பையை அவள் இழுத்து எடுத்து, அந்தச் சோற்றை அள்ளி வாயில் போட்டாள். தொண்டை கட்டும்வரை கத்தினீர்கள். அவள் அசையவில்லை. கோப்பையை உங்கள் மடியில் வைத்துவிட்டு, "மிச்சத்தை நீங்களே எனக்குத் தீத்திவிடுங்கோ, அப்பா" என்றாள். ஒரு வாய் ஊட்டினீர்கள். பிறகு கோப்பை வெறுமையாகும்வரை ஊட்டினீர்கள். அதன் பிறகு கோப்பைகளை யாரும் பிரித்து வைக்கவில்லை. மாரி தொடங்குமுன் உங்களை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம்.

கூடப்பிறந்தவள் என்பதால் எனக்கும் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். கட்டிலில் சரிந்து படுத்திருந்தபோது செபம் வாயில் வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே கிணற்றில் குடித்து, ஒரே கையால் குழைத்த சோற்றைத் தின்று வளர்ந்த எங்கள் இருவரின் குடலிலும் ஒரே கிருமிக் கூட்டம்தானே குடியிருக்கும் என்று நினைத்தேன்.

சின்னதாய் இரண்டு சதை முளைகள் இருந்தன. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. "விட்டிருந்தால் நாளடைவிலை மாறியிருக்கலாம். திரும்பவும் வந்து பாக்கவேணும்" என்றா டொக்ரர். மச்சாள் மெழுகுதிரி கொளுத்தினா. எனக்குப் பயம் போகவில்லை, அண்ணை. முளைகள்தான் போயின. உள்ளே இருப்பவை என்ன செய்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

நேற்று உங்கள் மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமி, எனக்குள்ளையும் இருக்குமோ?"

இல்லை என்று பொய் சொல்ல நான் விரும்பவில்லை.

"தெரியாது, பிள்ளை. எந்த வயதிலை பாக்கவேணும் எண்டு டொக்ரரைக் கேப்பம். அதுக்கு முதல் ஒரு துளி ரத்தம் கண்டாலும் எனக்குச் சொல்லு. வெக்கப்படாதை."

"ஓம், மாமி. நீங்களும் எனக்குச் சொல்லவேணும்" என்றாள்.

இப்போது ஒவ்வொரு காலையும் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுமுன் குனிந்து பார்க்கிறேன். பார்க்குமுன் பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் கண்ணை மூடுவதில்லை. ஏதாவது தெரிந்தால், அன்றைக்கே அவளுக்குச் சொல்லிவிடுவேன்.